வீட்டோடு புதைந்த தாழி

ஜார்ஜியாவின் ஒயின் மரபு 20ஆம் நூற்றாண்டைத் தாண்டி உயிரோடு வந்தது எப்படி? விடை ஆலைகளில் இல்லை. குடும்பங்களின் நிலவறைகளில் இருக்கிறது.

கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைகளின் தென்சரிவில் இருக்கும் ஜார்ஜியா, பரப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதிதான். அந்தச் சிறு நாட்டின் தலைநகரான திபிலிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரா என்று இரண்டு தொல்மேடுகள் உள்ளன. அங்கே கிடைத்த பானையோடுகளை பாட்ரிக் மெக்கவர்ன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேதியியல் முறையில் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த வட்டாரத்தில் திராட்சைக்கே உரிய அடையாளமான டார்டாரிக் அமிலத்தின் எச்சம் ஓடுகளில் ஊறியிருந்தது. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 6000. திராட்சையிலிருந்து ஒயின் செய்ததற்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. ஜார்ஜியாவின் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எட்டாயிரம் ஆண்டுக் கணக்கோடு வியந்து நின்றுவிடுகிறார்கள். பழமை பெருமைக்குரியதுதான். ஆனால் ஒன்று பழையது என்பதால் மட்டும் அது பிழைத்துவிடுவதில்லை. உலகெங்கும் எத்தனையோ பழைய தொழில்நுட்பங்கள் கடந்த நூறாண்டுக்குள் சுவடின்றி மறைந்தன. அதே நூறாண்டில் ஜார்ஜியாவும் படையெடுப்பு, கூட்டுப்பண்ணை, ஆலைமயம், மதுவிலக்குப் பிரசாரம், உள்நாட்டுப் போர், வணிகத்தடை என்று அத்தனையையும் கண்டது. அப்படியிருந்தும் மண்ணுக்குள் புதைத்த தாழியில் ஒயின் செய்யும் முறை அங்கே இன்றும் நடக்கிறது. அதைக் காப்பாற்றியது குடும்பம் என்ற சிறு அமைப்பு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். குடும்பத்தைப் பற்றிய கனிந்த உணர்ச்சியிலிருந்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. அந்தத் தொழிலின் இயல்பே நம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில் தாழியைப் பார்ப்போம். அதன் பெயர் குவெவ்ரி. மேற்கு ஜார்ஜியாவில் சூரி என்பார்கள். முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தியது போன்ற வடிவம். சில பத்து லிட்டர் கொள்ளும் சிறியதும் உண்டு, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும், ஆளையே விழுங்கும் பெரியதும் உண்டு. ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைப் பார்த்திருக்கும் தமிழ் வாசகருக்கு அதன் உருவத்தைக் கற்பனை செய்வது கடினமில்லை. பலரும் இதை ஆம்போராவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அரிக்கமேட்டு அகழாய்வில் நமக்குக் கிடைத்த இரட்டைப்பிடிச் சாடிதான் ஆம்போரா. யவனர் மதுவைக் கப்பலேற்றி அனுப்பப் பயன்பட்ட பயணப் பாத்திரம் அது. குவெவ்ரி அதற்கு நேர்மாறானது. அதற்குக் கைப்பிடி கிடையாது, அது எங்கும் போவதுமில்லை. கழுத்துவரை மண்ணில் புதைத்துவிட்டால் தலைமுறைகளுக்கு அங்கேயே இருக்கும். அது புதைந்திருக்கும் இடத்தின் பெயர் மரானி. சில வீடுகளில் அது தனிக் கட்டடம், சில வீடுகளில் வீட்டின் கீழ்த்தளம், சில இடங்களில் மரத்தடியில் திறந்தவெளி. கோவிலுக்கும் நேர்ச்சைக்கும் என்று ஒதுக்கிய ஒயினை ‘செதாஷே’ என்ற பெயரில் தனித் தாழியில் வைப்பதும் வழக்கம். வீட்டின் மற்ற எந்த மூலைக்கும் இல்லாத புனிதம் அந்த இடத்துக்கு உண்டு.

இந்த முறையின் அறிவு முழுவதும் தாழியின் வடிவத்திலும் அது புதைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் ‘ர்த்வேலி’ எனும் அறுவடை நடக்கும். குடைந்த மரத்தொட்டியில் பழத்தைக் காலால் மிதித்துச் சாறு எடுப்பார்கள். நாட்டின் கிழக்கிலுள்ள ககேத்தி வட்டாரத்தில் வெள்ளைத் திராட்சையின் சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாமே தாழிக்குள் போகும். இந்தச் சக்கைக்கு அங்கே ‘சாச்சா’ என்று பெயர். மேற்கே இமெரெத்தியில் சக்கையில் ஒரு பகுதியை மட்டுமே சேர்ப்பார்கள். தனியாக ஈஸ்ட் வாங்கிச் சேர்ப்பதில்லை; பழத்தோலிலும் மரானியிலும் இயல்பாக இருக்கும் நுண்ணுயிரே நொதிக்க வைக்கும். நொதித்துப் பொங்கும்போது சக்கை மேலே மிதந்து திரளும். அதை நாளுக்குச் சில முறை நீண்ட கழியால் அமுக்கிக் கலக்காவிட்டால் மேற்பரப்பு காற்றுப்பட்டுக் கெட்டுவிடும். சுற்றியிருக்கும் மண் சூட்டை இழுத்துக்கொள்வதால் நொதித்தல் கட்டுமீறிப் போவதில்லை. பொங்கி அடங்கியதும் விதைகள் முதலில் கூர்முனைக்கு இறங்கும், அவற்றை வண்டல் மூடும். விதையின் கடுந்துவர்ப்பு ஒயினில் அளவுக்கு மீறிக் கரையாமல் இருப்பதற்கு அந்தக் குறுகிய அடிப்பகுதி ஒரு காரணம். பிறகு கல் மூடி வைத்து ஈரக் களிமண்ணால் பூசிவிட்டு வசந்தம்வரை காத்திருப்பார்கள். தோலிலிருந்து இறங்கிய துவர்ப்புப் பொருள்கள் ஒயினைக் கெடாமல் காக்கும்; நிறம் தேன்போல, சில நேரம் தேயிலை வடிநீர்போல ஆகும். உலகச் சந்தையில் இன்று ‘ஆம்பர் ஒயின்’ என்று விற்பது இதுதான். மின்சாரமோ குளிரூட்டியோ வடிகட்டியோ இல்லாமல் ஒரு சுடுமண் பாத்திரம் இத்தனை வேலையையும் செய்கிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மனித குலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்ததற்குத் தகுந்த காரணம் இருக்கிறது.

இப்போது வாதத்தின் மையத்துக்கு வருவோம். ஒயின் ஆண்டுக்கு ஒரே முறை செய்யும் பொருள். ரொட்டி சுடுகிறவர் இன்று தவறினால் நாளை திருத்திக்கொள்ளலாம். ஒயின் செய்கிறவர் அடுத்த அறுவடைவரை காத்திருக்க வேண்டும். இருபது வயதில் தொடங்கி எழுபதுவரை உழைத்தாலும் ஒருவருக்கு வாழ்நாளில் ஐம்பது வாய்ப்புகள்தான். அந்த ஐம்பதிலும் ஒவ்வோர் ஆண்டின் மழை வேறு, வெயில் வேறு, பழத்தின் இனிப்பும் புளிப்பும் வேறு. சக்கையை எத்தனை மாதம் விட்டுவைப்பது, எந்தத் தாழி சீக்கிரம் குளிரும், எந்த மூலைத் தாழியில் ஒயின் மெதுவாகத் தெளியும் என்பதெல்லாம் ஓர் ஆயுளுக்குள் அடங்காத கணக்குகள். மேலும் அவை அந்தக் குறிப்பிட்ட மண்ணுக்கும் அந்தக் குறிப்பிட்ட தாழிகளுக்கும் மட்டுமே பொருந்தும். ஐந்தாண்டுக்கொரு முறை மேலாளர் மாறும் நிறுவனத்தில் இந்த வகை அறிவு சேராது. ஒரே தாழியைப் பாட்டனும் தந்தையும் மகளும் அடுத்தடுத்துத் திறக்கும் வீட்டில்தான் அது நூறு, நூற்றைம்பது அறுவடைகளின் நினைவாகத் திரளும். தாழியைக் கழுவுவதும் அப்படியே. நுண்துளைகள் நிறைந்த சுடுமண்ணில் பழைய அழுக்கு தங்கினால் புது ஒயின் புளித்துப்போகும். எனவே செர்ரி மரப்பட்டையாலான தேய்ப்பானைக் கொண்டு, பெரிய தாழியென்றால் ஆள் உள்ளேயே இறங்கித் தேய்த்து, கழுவிய நீர் தெளிவாக வரும்வரை மீண்டும் மீண்டும் அலசுவார்கள். கண்காணிப்பாளர் யாருமில்லாத இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய வைப்பது எது? அந்த ஒயினைக் குடிக்கப்போவது தன் வீட்டாரும் தன் விருந்தினரும் என்ற ஒரே எண்ணம்தான்.

இந்த வாதத்துக்கு வரலாறே சோதனைக்களம் அமைத்துக் கொடுத்தது. 1921இல் செம்படை ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாயின, ஒயின் உற்பத்தி சாம்ட்ரெஸ்ட் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. பரந்த சோவியத் ஒன்றியம் முழுமைக்கும் ஒயின் அனுப்ப வேண்டும், ஆண்டுதோறும் இலக்கு ஏற வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தாழி ஒத்துவராது. சிமென்ட் தொட்டிகளும் உருக்குத் தொட்டிகளும் வந்தன. ஜார்ஜியாவுக்கே உரியவை என்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட திராட்சை வகைகளைத் தாவரவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் பெருந்தோட்டங்களில் நிறைந்தவை விளைச்சலும் உறுதியும் மிக்க ர்கத்சிதெலி, சபெராவி போன்ற சில வகைகள் மட்டுமே. 1985இல் கோர்பச்சேவின் மது எதிர்ப்பு இயக்கம் தொடங்கியதும் இருந்த தோட்டங்களிலும் பெரும்பரப்பைப் பிடுங்கி எறிந்தார்கள். இத்தனைக்கும் நடுவே விடுபட்டுப்போன ஓர் இடம் இருந்தது. கூட்டுப்பண்ணை உழவர்கள் வீட்டை ஒட்டி வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சிறு துண்டு நிலம்தான் அது. அங்கே அவர்கள் தங்களுக்குப் பிடித்த கொடியை வளர்த்தார்கள். தங்கள் மரானியில், தங்கள் தாழியில், தங்கள் சாப்பாட்டு மேசைக்கான ஒயினைச் செய்தார்கள். பகலில் ஆலைக்குத் திராட்சை அறுத்துக் கொடுத்த அதே கைகள்தான் மாலையில் வீட்டுத் தாழியில் கழி போட்டுக் கலக்கின. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஒரே நாட்டில் இரண்டு ஒயின்கள் அருகருகே வாழ்ந்தன. அரசின் ஆதரவு, முதலீடு, பொறியியல் எல்லாம் ஒன்றுக்குக் கிடைத்தன. மற்றதற்கு அவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. 1991க்குப் பிறகு தொன்மையான முறையைத் தேடி உலகம் வந்தபோது அதைக் காட்ட முடிந்தது இரண்டாவதால்தான்.

அடுத்த சோதனை 2006இல் வந்தது. பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகக் காரணம் சொல்லி ரஷ்யா அந்த ஆண்டு ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதியை வாங்கிவந்த நாடு ஒரே நாளில் கதவைச் சாத்தியது. தடை 2013வரை நீடித்தது. ரஷ்யச் சந்தையை நம்பி மலிவாக, ஏராளமாகச் செய்துவந்த ஆலைகளை அந்த அடி நிலைகுலைய வைத்தது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புது வாடிக்கையாளரைத் தேட வேண்டிய நிலை. அங்கெல்லாம் ஜார்ஜியாவின் பெயரைத் தனித்துக் காட்டியது சிறு குடும்பங்களின் தாழி ஒயின். ம்த்ஸ்கேத்தா நகருக்கு அருகிலுள்ள சர்தாகி கிராமத்தில் இயாகோ பிதாரிஷ்விலி நடத்தும் குடும்பத் தோட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 5 ஏக்கரில் வளர்வது பெரும்பாலும் சினூரி என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சை. இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற தோட்டம். அதே திராட்சையைத் தோலோடு ஒருமுறையும் தோல் நீக்கி ஒருமுறையுமாகத் தாழியில் இட்டு அவர் இரண்டு ஒயின் செய்கிறார். 5 ஏக்கர் விளைச்சல் உலக வணிகத்தில் ஒரு துளி. ஆனாலும் வெளிநாடுகளில் ஜார்ஜிய ஒயினைப் பற்றிய பேச்சில் பெரிய ஆலைகளுக்கு நிகராக அந்தப் பெயர் அடிபடுகிறது. ஒரே திராட்சை, ஒரே ஊர், ஒரே குடும்பம் என்ற குறுகலே அதன் பலம்.

என் வாதத்தை மறுப்பவர்களிடம் வலுவான காரணங்கள் உண்டு. வீட்டு ஒயின் எல்லாமே நல்ல ஒயினா என்பது முதல் கேள்வி. இல்லை. சரியாகக் கழுவாத தாழியில் காடியாகிப்போன ஒயினும், எலிவாடை அடிக்கும் ஒயினும் கிராமங்களில் தாராளமாக உண்டு. அளவீடு, சுகாதாரம், ஆய்வகம் ஆகியவற்றைத் தொழிலுக்குள் கொண்டுவந்தது ஆலைதான். அதை ஒப்புக்கொள்வதால் என் வாதம் பலவீனமாவதில்லை. நான் சொல்வது, குடும்பம் தவறே செய்யாது என்பதல்ல. தவறிலிருந்து கற்கத் தேவையான நீண்ட காலம் குடும்பத்திடம் இருக்கிறது என்பதே. இன்று சிறந்த தாழி ஒயின் செய்யும் வீடுகள் அமில அளவைச் சோதிக்கத் தயங்குவதில்லை, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வெட்கப்படுவதுமில்லை. மரபும் அறிவியலும் எதிரெதிர்க் கட்சிகள் என்ற எண்ணமே தவறு. மண்ணின் குளிர்ச்சியையும் தாழியின் கூர்முனையையும் இத்தனை நுட்பமாகப் பயன்படுத்தியவர்கள் தங்கள் காலத்து அறிவியலைத்தான் செய்தார்கள்.

குடும்பங்கள் மட்டுமா காப்பாற்றின என்பது இரண்டாவது மறுப்பு. ககேத்தியின் அலவெர்தி மடாலயத்தில் துறவிகள் பல நூற்றாண்டுகளாக ஒயின் செய்தார்கள். சோவியத் காலத்தில் அறுபட்ட அந்த வேலையை இந்த நூற்றாண்டில் மீண்டும் தொடங்கினார்கள். அழியவிருந்த திராட்சை வகைகளை நூற்றுக்கணக்கில் சேகரித்து ஜிகௌரா என்ற இடத்தில் நாற்றங்கால் வைத்துக் காப்பது அரசின் வேளாண் ஆய்வு நிறுவனம். உலகின் கவனத்தைத் திருப்பியதிலோ வெளியாருக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தாலியின் ஒஸ்லாவியாவில் குடும்பத் தோட்டம் நடத்தும் யோஸ்கோ கிராவ்னர், உருக்குத் தொட்டியையும் புது ஓக் பீப்பாயையும் பயன்படுத்திப் புகழ்பெற்ற பிறகு, 2000இல் ஜார்ஜியாவுக்குப் போனார். 2001 அறுவடையிலிருந்து அங்கிருந்து தருவித்த தாழிகளில் ஒயின் செய்யத் தொடங்கினார். சிக்னாகியில் ‘ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்’ நிறுவனத்தை 2007இல் தொடங்கிய இருவரில் ஒருவர் ஜான் வர்ட்மன் என்ற அமெரிக்க ஓவியர். இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஒவ்வொரு உதவியும் எதன்மேல் வந்து அமர்ந்தது என்று பாருங்கள். கிராவ்னர் தேடி வந்தபோது கற்றுக்கொள்ள உயிருள்ள முறை ஒன்று இருந்தது. வர்ட்மனோடு கைகோத்த கெலா பதாலிஷ்விலி வழிவழியாகக் கொடி வளர்த்த குடும்பத்தின் பிள்ளை. நாற்றங்கால் கொடியைக் காக்கும். அந்தக் கொடியின் பழத்தை என்ன செய்வது என்ற கைப்பழக்கத்தைக் காக்க அதனால் முடியாது. கனலை ஊதிப் பெருக்கியவர்கள் பலர். கனல் அணையாமல் வைத்திருந்தது வீடு.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகக் கடினமானது. குடும்ப மரபு என்ற சொல்லுக்குள் கூலியில்லா உழைப்பும் ஆணாதிக்கமும் ஒளிந்திருக்கின்றன. தாழியைக் கழுவவும் கலக்கவும் ஆகும் நேரத்துக்குச் சம்பளம் கணக்கிட்டால் உருக்குத் தொட்டியோடு போட்டியிட முடியாது. வீட்டார் தங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால்தான் அந்த முறை பிழைத்தது என்றுகூடச் சொல்லலாம். மரானியும் நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தது. அறுவடையிலும் சமையலிலும் பெண்கள் உழைத்தார்கள், தாழி தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. இதை மறைத்துவிட்டு மரபைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் இதற்குத் தீர்வு குடும்பத்தை விட்டுவிடுவது அல்ல, அதன் கதவை அகலத் திறப்பது. இயாகோவின் மனைவி மரினா குர்தானிட்ஸே, தோழி ஒருவரோடு சேர்ந்து 2012 அறுவடையிலிருந்து ‘மண்டிலி’ என்ற பெயரில் தன் சொந்த ஒயினைச் செய்கிறார். மண்டிலி என்றால் பெண்கள் தலையில் அணியும் துணி. பெண்கள் வந்தால் மரபு தேய்ந்துபோகும் என்று அஞ்சியவர்களுக்கு அந்தப் பெயரே பதில். அறிவைப் பெற உரிமையுள்ளவர்கள் இரட்டிப்பானால் மரபின் ஆயுளும் கூடும். கூலியில்லா உழைப்புக்கான பதிலும் விலையில்தான் இருக்கிறது. தாழி ஒயினை ஆலை ஒயினின் விலைக்குக் கேட்பது, அந்த வீட்டாரின் பாதி உழைப்பை இலவசமாகக் கேட்பதற்குச் சமம்.

இன்று புது ஆபத்து, வெற்றியின் வடிவில் வந்திருக்கிறது. தாழி ஒயினுக்குப் பெயர் கிடைத்ததும் பெரிய நிறுவனங்களும் வரிசை வரிசையாகத் தாழி புதைக்கின்றன. அதனால் குயவர்களுக்கு வேலை கிடைக்கிறது, நல்லதே. ஆனாலும் நாட்டின் மொத்த வணிக உற்பத்தியில் தாழி ஒயின் இன்னும் சிறு பங்குதான். ரஷ்யா மீண்டும் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் வாங்கும் நாடாகிவிட்டது, பழைய சார்பு திரும்பியிருக்கிறது. இந்த நிலையில் ‘குவெவ்ரி’ என்ற சொல் வெறும் முத்திரையாகச் சுருங்கிவிட வாய்ப்பு உண்டு. அதைவிடக் கவலைக்குரியது குயவர்களின் நிலை. பெரிய தாழியைச் சக்கரத்தில் செய்ய முடியாது. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கி, கீழ் அடுக்கு இறுகிய பிறகே மேல் அடுக்கை ஏற்ற வேண்டும். உலரவும் சுடவும் வாரக்கணக்கில் ஆகும். சுட்ட சூடு ஆறும் முன் உள்ளே தேன்மெழுகு பூச வேண்டும். ககேத்தியின் வர்திசுபானி போன்ற சில ஊர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே இந்த வேலையைச் செய்கின்றன. அவை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதைப் போர்ச்சுகலின் அலென்தேஜோ வட்டாரம் காட்டுகிறது. அங்கும் ‘தால்யா’ என்ற பெருந்தாழியில் ஒயின் செய்யும் வழக்கம் கிராம வீடுகளிலும் சிறு மதுக்கடைகளிலும் தப்பிப் பிழைத்தது. ஆனால் பெருந்தாழி வனையும் மரபு ஏறத்தாழ அற்றுவிட்டதால் பலரும் பழைய தாழிகளையே பேணிப் பயன்படுத்துகிறார்கள். ஒயின் செய்யும் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டு, தாழி வனையும் குடும்பத்தைக் கைவிட்டால் பாதி மரபுதான் மிஞ்சும்.

மதுவால் குடும்பங்கள் சீரழிவதை நாள்தோறும் காணும் சமூகத்தில், ஒயின் செய்யும் குடும்பத்தைப் போற்றி எழுதலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி இது. உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தாழியில் செய்தாலும் ஆலையில் செய்தாலும் சாராயச் சத்து ஒன்றுதான். ‘இயற்கை ஒயின்’ என்ற பெயர் அதை மருந்தாக்கிவிடாது. நான் இங்கே குடிக்கப் பரிந்துரைக்கவில்லை. ஒரு கைத்தொழில் அறிவு எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான சான்று ஜார்ஜியாவில் கிடைக்கிறது என்பதால்தான் அதை எடுத்துக்கொண்டேன். லாப வெறியோ வருவாய் இலக்கோ மதுவின் அளவைப் பெருக்கும்போது நேரும் கேட்டுக்கும், ஆண்டுக்கு ஒரு முறை தன் கொடியின் பழத்தைத் தன் விருந்துக்காகத் தாழியில் இடும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. அளவைக் குறைத்துச் செய்வதே அந்த வீட்டின் இலக்கணம்.

ஆகவே இந்த மரபைக் காக்க விரும்புகிறவர்கள் அறிவிப்புப் பலகையோடும் திருவிழாவோடும் நின்றுவிடக் கூடாது. குயவரின் சூளை எரிய வேண்டும். சீசாவின் விலையில் வீட்டாரின் உழைப்பு சேர வேண்டும். மகளுக்கும் மரானியின் சாவி கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்தில் இருந்தபடி ஒரு தலைமுறை வாழ வழி இருக்க வேண்டும். திபிலிசிக்கும் ஐரோப்பாவுக்கும் வேலை தேடி இளையோர் போய்க்கொண்டிருக்கும் நாடு அது. உருக்குத் தொட்டியை விற்கலாம், பெயர்த்து வேறு ஊரில் நிறுத்தலாம். புதைத்த தாழியை அப்படிச் செய்ய முடியாது. தோண்டி எடுத்தால் பெரும்பாலும் விரிசல் விடும். வீட்டை விட்டுப் போகிறவர் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆலையின் போட்டியையும் அரசின் ஆணையையும் தாண்டி அந்தத் தாழியைக் காத்ததும் அதன் இந்த அசையாமைதான்; இனி அதை ஆதரவற்றதாக்கக் கூடியதும் அதுவேதான். வசந்தத்தில் களிமண் பூச்சை உடைத்து மூடியைத் தூக்க அந்த வீட்டில் ஒருவர் இருக்கும்வரை எட்டாயிரம் ஆண்டுக் கணக்கு தொடரும்.